தெரிந்தவன் வாங்கும் விலை

ஞாயிற்றுக்கிழமையில் ஊர்சுற்றும் பேறு பங்குத்தந்தையர்க்கு வாய்ப்பதில்லை. ஆகவே புதுச்சேரியின் ஞாயிறு சந்தையைக் குறித்துப் பல ஆண்டுகளாகக் கேள்விப்பட்டிருந்தும் நான் அதைக் கண்டதில்லை. சென்ற ஆண்டு, தவக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னர், எதிர்பாராமல் அது கூடிற்று. நல்லூரைச் சேர்ந்த நம் மக்களுள் ஒருவர் புதுச்சேரி மருத்துவமனை ஒன்றில் படுத்திருந்தார். காலைத் திருப்பலிகளை முடித்துக்கொண்டு, அவருடைய மைத்துனரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, விருத்தாசலத்தில் பேருந்து ஏறிக் கடலூர் வழியாகச் சென்றேன். அந்த மைத்துனர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சூளையோடு பழகியவர். நோயாளிக்கு நோயில்பூசுதல் கொடுத்துத் திரும்புகையில் மாலை நான்கு மணி. பேருந்து நிலையத்திற்கு நடந்தே போகலாம் என்று அவர்தாம் சொன்னார். வழியில் சந்தை இருந்தது.

மகாத்மா காந்தி சாலையில் வாரநாட்களில் திறந்திருக்கும் கடைகளின் முன்னே, அன்று தார்ப்பாய்களை விரித்துச் சிறு வணிகர்கள் அமர்ந்திருந்தார்கள். புதிய துணிமணிகளும் செருப்புகளும் பிளாஸ்டிக் சாமான்களுமே மிகுதி. ஆனால் இடையிடையே பழைய பொருள்களை மட்டும் பரப்பி வைத்திருப்போரும் உண்டு. ஓடாத சுவர்க் கடிகாரம், பித்தளைப் பூட்டு, சாவி இல்லாத பெட்டி, பெட்டி இல்லாத சாவி, அட்டை கிழிந்த பிரெஞ்சுப் பாடநூல், யாரோ ஒருவருடைய மூக்குக்கண்ணாடி. ஒரு சட்டகத்தில் புதுநன்மை வாங்கிய சிறுமி ஒருத்தி மெழுகுவர்த்தியோடு நின்றிருந்தாள். படத்தின் விலை சட்டகத்தின் விலைதான் என்றார் விற்பவர். சிறுமிக்கு விலையில்லை.

அந்த ஊரின் பழம்பொருள்களுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1859-இல் பிரெஞ்சுப் படைகள் சைகோனைக் கைப்பற்றிய பின்னர், புதுச்சேரித் தமிழர் பலர் எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் வரி தண்டுவோராகவும் படைவீரர்களாகவும் அங்கே கப்பலேறினர். கத்தோலிக்கரும் அவர்களுள் கணிசமாக இருந்தனர். 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தம் பழைய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டோர்க்கு அந்தப் பயணம் இன்னும் எளிதாயிற்று. பிறகு 1954 வந்தது. அவ்வாண்டிலேயே பிரெஞ்சுக்காரர் இந்தோசீனத்தையும் இழந்தனர். நவம்பர் முதல் நாள் புதுச்சேரியின் ஆட்சிப் பொறுப்பையும் இந்தியாவிடம் ஒப்படைத்தனர். 1975-இல் சைகோன் வீழ்ந்தபோது எஞ்சியிருந்தோரும் கலைந்தனர். பிரான்சுக்குப் போனவர் போக, ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளில் அரக்குத் தட்டுகளும் சிப்பி பதித்த மரப்பேழைகளும் பீங்கான் கலங்களும் வந்து சேர்ந்தன. அவற்றைக் கொண்டுவந்தோர் மறைந்து, பேரப்பிள்ளைகள் வீட்டை இடிக்கும்போது, அவை காயலான் கடைக்காரரின் தராசுக்கு வருகின்றன.

அப்படி வந்த ஒரு விரிப்பின் முன்தான் நாங்கள் நின்றோம். விற்பவர் அறுபதைக் கடந்த மனிதர். அவரிடம் ஒரு மரப்பாடுபட்ட சிலுவை கிடந்தது. கிறிஸ்துவின் ஒரு கை உடைந்திருந்தது. செருப்புகளுக்கும் குழாய்த் திருகிகளுக்கும் நடுவில் அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அருச்சிக்கப்பட்ட பொருள்கள் தனியார் உடைமையாயினும் மரியாதையோடு கையாளப்படவேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம். அவர் நாற்பது ரூபாய் கேட்டார், மறுபேச்சின்றிக் கொடுத்தேன். என் செயலில் எனக்கே ஒரு நிறைவு உண்டாயிற்று என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

சிலுவையின் அருகே நீலக்கோடுகள் தீட்டிய சிறு கிண்ணம் ஒன்று இருந்தது. மலை, ஓடம், ஓடத்தில் ஒரு கிழவர். என்னுடன் வந்தவர் குனிந்து அதை எடுத்தார். விரல் நகத்தால் விளிம்பைச் சுண்டினார். மணியோசை போல ஒன்று எழுந்து சற்று நேரம் நின்றது. கவிழ்த்து, பளபளப்பு ஏறாத அடிவளையத்தைக் கட்டைவிரலால் தடவினார். வெயிலுக்கு எதிரே பிடித்தார். அவருடைய விரல்களின் நிழல் உள்ளே தெரிந்தது. பிறகு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு விளங்கிற்று. நாம் அன்றாடம் புழங்கும் மண்கலம் இப்படி ஒலிக்காது, ஒளியையும் விடாது. ஏறத்தாழ 1,300 பாகை வெப்பத்தில் வெந்து கண்ணாடித் தன்மை அடைந்த உயர்ந்த பீங்கானுக்கே அக்குணங்கள் உண்டு.

"இது என்ன விலை?" என்றேன். கிண்ணத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. அடுத்திருந்த பூட்டைக் கேட்டேன். பிறகு ஒரு கண்ணாடிக் குடுவையைக் கேட்டேன். புறப்படுவதுபோல் எழுந்து, போகிற போக்கில் கிண்ணத்தைக் கேட்டேன். நூற்றைம்பது என்றார். நூறுக்கு முடிந்தது.

இந்த வித்தையை எனக்குக் கற்பித்தவர் என் தாய்மாமன். கற்ற இடம் சென்னை மூர் மார்க்கெட். 1898-இல் அடிக்கல் நாட்டி 1900-இல் திறக்கப்பெற்ற அந்தச் செங்கற் கட்டடத்தை, அது 1985 மே 30 அன்று தீக்கிரையாவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், சிறுவனாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். இன்று அவ்விடத்தில் சென்ட்ரலின் புறநகர் இரயில் நிலையம் நிற்கிறது. "வேண்டியதை முதலில் தொடாதே, தொட்டால் விலை ஏறிவிடும்" என்பார் மாமா. அவர் பொய்யர் அல்லர். வாழ்நாள் முழுவதும் தராசில் ஏமாற்றாத மளிகை வணிகர். ஆயினும் பழைய பொருள் சந்தையில் ஆசையை மறைப்பதை அவர் பாவமாகக் கருதவில்லை. நானும் கருதியதில்லை, அந்த மாலை வரைக்கும்.

பேருந்தில் அமர்ந்தபின் என்னுடன் வந்தவர் கேட்டார்: "சாமி, அவருக்குத் தெரியாதுங்களே?"

அவ்வளவுதான் கேட்டார். கடலூர் வரும்வரை வேறு பேச்சில்லை.

குருமடத்தில் அறநெறி இறையியலில் வாங்குதல் விற்றல் பற்றிய பாடத்தை நாங்கள் விரைவாகக் கடந்துபோனோம். வணிகர்களுக்கு உரிய பகுதி என்ற எண்ணம். வீடு திரும்பியதும் அதை மீண்டும் எடுத்து வாசித்தேன். புனித அகுஸ்தினார் மூவொரு கடவுளைப் பற்றிய தம் நூலில் ஒரு கோமாளியின் கதையைச் சொல்கிறார். எல்லாருடைய உள்ளத்திலும் இருப்பதை அடுத்த காட்சியில் சொல்வேன் என்று அவன் அரங்கில் அறிவித்தான். மக்கள் திரண்டனர். குறைந்த விலைக்கு வாங்கி நிறைந்த விலைக்கு விற்கவே நீங்கள் எல்லாரும் விரும்புகிறீர்கள் என்றான், அரங்கமே ஆரவாரித்தது. அவன் சொன்னது எல்லாருக்கும் பொருந்தாது என்பதற்கு அகுஸ்தினார் தமக்குத் தெரிந்த ஒருவரைச் சான்று காட்டுகிறார். அவரிடம் ஓர் ஏட்டுச்சுவடி விலைக்கு வந்தது. விற்பவன் அதன் மதிப்பை அறியாமல் சிறு தொகை கேட்டான். அவரோ, அவன் எதிர்பாராத நியாய விலையைக் கொடுத்தார்.

புனித தோமா அக்குவினார் இன்னும் கடுமையானவர். பித்தளை என்று நினைத்து ஒருவன் பொன்னை விற்றால், அதை அறிந்து வாங்கியவன் ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்று இறையியல் தொகுப்பில் எழுதுகிறார். அவருக்கு இது ஈகையில் சேராது, நீதியில் சேரும். ஆனால் அதே பகுதியில், பஞ்சம் நேர்ந்த ஊருக்குக் கோதுமை கொண்டுபோகும் வணிகன், பின்னால் வேறு பலர் கொண்டுவருகிறார்கள் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்தவில்லை. சொன்னால் அது மேலான நற்குணம் என்று விடுகிறார். நாளை விலை என்ன ஆகும் என்பது ஒரு வகை அறிவு. இப்போது கையில் இருப்பது என்ன பொருள் என்பது வேறு வகை அறிவு. பின்னதை மறைத்தால், விற்பவன் எதை விற்கிறான் என்பதே அவனுக்குத் தெரியாமல் போகிறது.

நம் முன்னோரும் இதைத் தொட்டுச் சென்றிருக்கிறார்கள். கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைவாகக் கொடுக்காமலும் இருந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை பாராட்டுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணும் வணிகத்தை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்தார்.

எனக்கு எதிராக இத்தனை சான்றுகளைத் திரட்டிக்கொண்ட பின்னும் மனம் வழக்கறிஞனைப்போல் வாதாடிற்று. அறிவும் ஓர் உழைப்பல்லவா? முப்பது ஆண்டுகள் நெய்வேலிக் களிமண்ணைப் பிசைந்து, சூளை வெம்மையில் நின்று பெற்ற கண்ணல்லவா அந்தக் கிண்ணத்தை அடையாளம் கண்டது? அதை இலவசமாகக் கொடு என்று யார் கேட்கமுடியும்? பழம்பொருள் வணிகம் முழுவதுமே அறிந்தவன் அறியாதவனிடம் பெறும் கூலியால்தானே நடக்கிறது? வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கண் என்னுடையதன்று. உழைத்தவர் வாய்மூடி நிற்க, உழைக்காத நான் அவருடைய பார்வையைக் காசாக்கிக்கொண்டேன்.

மத்தேயு நற்செய்தியின் புதையல் உவமைகூட அந்நாட்களில் என்னை உறுத்திற்று. நிலத்தில் புதையலைக் கண்டவன் அதை மீண்டும் மறைத்துவைத்து, உள்ளதையெல்லாம் விற்று அந்நிலத்தை வாங்குகிறான். நில உரிமையாளனிடம் அவன் ஏன் சொல்லவில்லை என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் என்னைக் கேட்டதுண்டு. விண்ணரசின் மதிப்பைச் சொல்ல வந்த உவமை. வணிக ஒழுக்கத்தைக் கற்பிக்க வந்ததன்று என்றேன். சரியான விடைதான். இருந்தும், அந்த மனிதன் தன் மகிழ்ச்சிக்காகத் தன் உடைமை அனைத்தையும் விற்றான். நான் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடித்தேன்.

பழம்பொருள் அறிந்த நண்பர் ஒருவரிடம் கிண்ணத்தைக் காட்டினேன். வியட்நாம் அரசவைக்காகச் சீனத்தில் செய்வித்த நீலக்கலங்களைப் பிரெஞ்சுக்காரர் ஹுவே நகரின் பெயரால் அழைத்தனர். இது அவ்வளவு உயர்ந்ததன்று, ஆயினும் நாலாயிரம் ரூபாய்க்குக் குறையாது என்றார். சைகோனுக்கு, அதாவது இன்றைய ஹோ சி மின் நகரத்திற்கு, அவர் சென்று வந்தவர். அங்கே தான் சின் சந்தையில் அமெரிக்கப் போர்வீரர்களின் பெயர் பொறித்த தகடுகளையும் சிகரெட் லைட்டர்களையும் விற்கிறார்களாம். அவற்றுள் பெரும்பாலானவை பயணிகளுக்காகப் புதிதாகச் செய்த போலிகளாம். "அங்கே விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. உங்கள் கதை தலைகீழ்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எவ்வளவு திருப்பிக் கொடுப்பது? நியாய விலை ஒரு புள்ளியில் நிற்பதன்று, ஏறத்தாழ மதிப்பிடுவதே என்று அக்குவினாரே ஒப்புக்கொள்கிறார். பிறர் நிலத்தில் கண்ட புதையலில் பாதியை நில உரிமையாளனுக்குக் கொடுத்தது பழைய ரோமானியச் சட்டம். அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு, ஈரத்தீனத் தயாரிப்பில்லாத ஒரு வாரத்தில், உயிர்ப்புப் பெருவிழா முடிந்த பின், இரண்டாயிரம் ரூபாயை உறையிலிட்டு எடுத்துச் சென்றேன். இம்முறை தனியாக.

அவர் அதே இடத்தில் இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. சிலுவையைச் சொன்னதும் தெரிந்துகொண்டார். நடந்ததைச் சொல்லி உறையை நீட்டினேன். மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளிறிற்று. உறையை வாங்கவில்லை. முதலில் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"சாமி, இதை அந்த வீட்டிலே போய்ச் சொல்லிடாதீங்க" என்றார்.

அந்த வீட்டில் இருந்து இருபது கிலோ பாத்திரம் பண்டத்தை எடைக்கு வாங்கினாராம். பீங்கானுக்கு எடைபோடும் வழக்கமில்லையாம். ஆதலால் அந்தக் கிண்ணமும் இன்னும் சிலவும் சும்மா வந்தனவாம். கிழவி ஒருத்திதான் இருக்கிறாள், மகன் பிரான்சில். இன்னும் ஓர் அறை திறக்கப்படவில்லை. கிண்ணத்தின் விலை அவள் காதுக்கு எட்டினால் அடுத்தமுறை தம்மைக் கூப்பிடமாட்டாள். வேறு ஆளைக் கூப்பிடுவாள். "அந்தம்மா என்னை நம்பித்தான் கதவைத் திறக்குது" என்றார்.

நீங்கள் சொல்லலாமே என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. நெடுநேரம் கழித்து உறையை வாங்கி, நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களையும் வெளியே எடுத்து, இரண்டை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டை என்னிடம் நீட்டினார். "இது அந்தம்மாவுக்குன்னு கோயில்ல வச்சுக்குங்க. பேர் மட்டும் கேக்காதீங்க."

பேரம் பேச எனக்கு அன்று வாய் வரவில்லை. அந்த இரண்டு தாள்களும் உடைந்த கைச் சிலுவையின் அடியில், என் மேசை இழுப்பறையில், இன்றுவரை இருக்கின்றன. புதுச்சேரிப் பக்கம் பணியாற்றும் குருக்களுள் எவருக்கேனும், மகன் பிரான்சில் இருக்க, பழைய வீட்டில் தனித்து வாழும் மூதாட்டி ஒருத்தியைத் தெரியுமா என்று விசாரித்து வருகிறேன். அப்படிப்பட்டவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள் என்கிறார்கள்.