பட்டாசுப் பூமியின் செவிலியர் யாருக்குக் கடன்பட்டவர்?

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் இறந்தார்கள். காப்பாற்ற ஓடிப்போனவர்களும் அவர்களில் உண்டு. வெந்த உடம்போடு தப்பியவர்களில் பலரை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி என்று பட்டியல் நீள்கிறது. இந்த விருதுநகர் மாவட்டத்தில் நர்சிங் முடித்து, செவிலியர் கவுன்சிலில் பதிவும் செய்துவிட்ட பெண் ஒருத்தி முதல் வேலை தேடும்போது, ஊர் அவளிடம் கேட்கிறது: இங்கே இவ்வளவு தேவை இருக்க, வெளிநாட்டுக்குத்தான் போகவேண்டுமா?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. தீக்காயத்தில் முதல் 24 மணி நேரம் பெரும்பாலும் செவிலியரின் கையில்தான். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடம்பில் 40 சதவீதம் வெந்திருந்தால், வழக்கமான கணக்குப்படி அந்த ஒரு நாளில் 8 லிட்டர் திரவம் ஏற்றவேண்டும். அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் போய்ச் சேரவேண்டும். அந்த 8 மணி நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல, தீப்பட்ட நேரத்திலிருந்தே தொடங்குகிறது. மணிக்கு மணி சிறுநீரை அளந்து ட்ரிப்ஸைக் கூட்டவோ குறைக்கவோ ஒருவர் பக்கத்திலேயே நிற்கவேண்டும். மதுரைச் சாலையில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் இந்தக் கணக்கில் கழிகிறது.

ஆனால் இதையெல்லாம் நேற்றுப் பதிவு பெற்றவள் நைட் டூட்டியில் தனியாகச் செய்துவிட முடியுமா? முடியாது. அவள் தடுமாறினால் விலை கொடுப்பது படுக்கையில் இருப்பவர். ஆகவே முதல் வேலையைப் பற்றிய முதல் அறக்கேள்வி உள்ளூரா வெளியூரா என்பதல்ல. சந்தேகம் வந்தால் கேட்க அங்கே மூத்த சிஸ்டர் ஒருவர் இருக்கிறாரா என்பதே.

வளைகுடா மருத்துவமனைகள் பல இரண்டாண்டு அனுபவம் கேட்பதால், போக நினைப்பவர்களும் தொடக்க ஆண்டுகளை இங்கேதான் கழிக்கிறார்கள். கற்றுக்கொள்ள எதுவுமில்லாத இடத்தில் ஒப்புக்கு இருந்துவிட்டு அனுபவச் சான்றிதழ் வாங்குவது தவறு. வேலையே பார்க்காமல் வாங்குவது அதைவிடப் பெரிய தவறு. அந்தத் தாளை நம்பித்தான் முகம் தெரியாத ஒரு நோயாளி நாளை கையை நீட்டப்போகிறார்.

இரண்டாண்டு இங்கே தேர்ந்த பிறகு போகிறவளைத் துரோகி என்பது அநியாயம். பட்டாசுக் கூலியில் மிச்சம் பிடித்தும் கடன் வாங்கியும் படிக்கவைத்தது அவளுடைய தாய்தான், ஊர் அல்ல. அரசுச் செலவில் படித்தவர்களுக்குக் கடமை கூடுதல்தான். ஆனால் அரசும் தன் பங்கைச் செய்யவேண்டாமா? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி 2015-இல் சேர்ந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககமான டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் போராட வேண்டிவந்தது. தனியாரிலும் கதை வேறல்ல. 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனைகூட மாதம் 20,000 ரூபாயாவது தரவேண்டும் என்று, உச்ச நீதிமன்ற உத்தரவை அடுத்து அமைந்த மத்திய அரசின் குழு 2016-இல் பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமாகவில்லை. ஒரிஜினல் சான்றிதழ்களைப் பூட்டிவைத்து ஆளைப் பிடித்துவைக்கும் நிர்வாகத்துக்குச் சேவை பற்றிப் பேசும் தகுதி கிடையாது.

போகிறவர்களுக்கும் ஒரு சொல். 2015 முதல் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்கு ஆள் எடுப்பதை மத்திய அரசு, அரசு நிறுவனங்கள் வழியாக ஒழுங்குபடுத்தியது. தமிழ்நாட்டில் அது 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். 2015-இல் கொச்சியில் அம்பலமான குவைத் நர்ஸ் வேலை மோசடியில், ஒருவரிடம் சுமார் 19,500 ரூபாய் வாங்கவேண்டிய இடத்தில் ஏஜென்ட் 19.5 லட்சம் வரை கறந்தார். அப்படிக் கடன்பட்டுப் போகிறவளால் நோயாளிக்கு ஆபத்தான வார்டை எதிர்த்து வாய் திறக்க முடியாது.

2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கும் சிவகாசியிலும் தீக்காயப் பணிக்கு நிரந்தர இடங்களை உருவாக்குங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் அனுபவசாலி ஒருவரை நிறுத்துங்கள். அதன்பிறகு அந்தப் பெண்ணிடம் இங்கேயே இரு என்று கேளுங்கள்.