கூண்டில் வைத்த உயிருக்கு நாம் பட்ட கடன்

கலிபோர்னியாவில் வாழும் நம் பேத்தி சென்ற மாதம் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தாள். எதையும் சுற்றி வளைத்துப் பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை. அன்று மட்டும் சொற்கள் தயங்கித் தயங்கி வந்தன. அவள் வளர்க்கும் ஆண் சின்சில்லாவுக்கு நோய் கண்டு மருத்துவரிடம் எடுத்துச் சென்றாளாம். "பாட்டி, அது வலியால் கத்தியது. நான்தான் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். எந்த உயிரையும் வருத்தலாகாது என்று சிறுவயதில் சொல்லிக் கொடுத்தீர்களே. நான் செய்தது இம்சையா?" என்று கேட்டாள். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. பல நாள் எண்ணியபின் உள்ளத்தில் தெளிந்ததை வாசகர் முன் வைக்கிறோம்.

சின்சில்லா என்பது அணிலினும் சற்றுப் பெரிதாய், முயலின் மென்மையும் பெரிய செவிகளும் உடைய கொறிக்கும் பிராணி. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரே அதன் தாயகம். குளிர் மிகுந்த அம்மலைப் பாறைகளில் வாழ்வதற்கு ஏற்ப, அதன் ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட மெல்லிய மயிர்கள் முளைக்கின்றன. குளிரினின்று காத்த அம்மயிரே அதற்குக் கூற்றாயிற்று. ஒரு நீண்ட மேலங்கிக்கு நூற்றுக்கு மேற்பட்ட தோல்கள் வேண்டுமாம். வேட்டையால் அவ்வினம் அருகிப் போகவே, 1910ஆம் ஆண்டில் சிலி, பெரு, பொலிவியா, அர்ஜென்டினா ஆகிய நாடுகள் வேட்டையைத் தடுக்க உடன்படிக்கை செய்துகொண்டன. 1923ஆம் ஆண்டில் மத்தியாஸ் சாப்மன் என்னும் சுரங்கப் பொறியாளர் பதினொரு சின்சில்லாக்களைச் சிலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டு சென்றார். தோலுக்காகப் பெருக்கப்பட்ட அவற்றின் வழிவந்தவையே இன்று அமெரிக்க இல்லங்களில் செல்லப் பிராணிகளாய் வளர்பவற்றுள் பெரும்பாலானவை. காட்டில் எஞ்சியவற்றைக் காக்கச் சிலி நாட்டில் இயாபெல் நகருக்கு அருகே 1983ஆம் ஆண்டில் ஒரு காப்பகம் அமைக்கப்பட்டது. எனினும் அவ்வினம் இன்றும் அழிவின் விளிம்பிலேயே நிற்கிறது.

இனி நோயைக் கூறுவோம். ஆண் சின்சில்லாவின் உதிர்ந்த மயிர்கள் சில வேளைகளில் முன்தோலுக்குள் ஆண்குறியைச் சுற்றி வளையம்போல் இறுகிக்கொள்ளும். துணையோடு கூடும் ஆணுக்கு இது மிகுதி. தனித்து வாழும் ஆணுக்கும் வருவதுண்டு. வளையம் இறுக இறுக உறுப்பு வீங்கி உள்ளே திரும்ப இயலாமற் போகும். சிறுநீர் தடைப்படும். கவனியாது விட்டால் புண்ணாகி, உறுப்பு கெட்டு, உயிருக்கும் கேடு விளையும். அடிக்கடி குனிந்து நக்குதல், முக்கி முக்கிச் சிறிது சிறிதாய் நீர் கழித்தல், சோர்தல், தீனி மறுத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணியாதலின் அது தன் நோவை மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே வளர்ப்போர்தாம் அவ்வப்போது மெல்லப் பார்த்தறிதல் வேண்டும். பார்க்கும் முறையைக் கால்நடை மருத்துவரிடம் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். தொடக்கத்திலேயே கண்டால், வழுவழுப்பான மருந்துக் களிம்பைத் தடவி வளையத்தை மென்மையாக உருட்டி எடுத்துவிடலாம். வீக்கமும் வலியும் மிகுந்துவிட்டால் மயக்க மருந்து கொடுத்து மருத்துவரே நீக்க வேண்டும்.

பேத்தியின் சின்சில்லா ஒரு வாரமாக நக்கிக்கொண்டிருந்ததாம். அவள் கண்டிருக்கிறாள். ஆனால் அவ்வுறுப்பை உற்றுப் பார்க்க நாணினாள். பிறரிடம் கேட்கவும் கூசினாள். அந்த ஒரு வாரத்தில் எளிய நோய் கொடிய நோயாயிற்று.

இதைக் கேட்டபோது அவளைக் கடிந்துகொள்ள நமக்கு வாய் எழவில்லை. 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்து வகுப்பறைக்குள் நுழைந்தவர் நாம். அறிவியல் நூலில் இனப்பெருக்கப் பாடம் வந்தால், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் திருப்பியவரும் நாமே. ஒருநாள் ஒரு சிறுமி முதன்முதல் பூப்பெய்தியபோது, தனக்குச் சாகும் நோய் வந்ததென்று எண்ணி, கிணற்றடியில் மறைந்திருந்து மாலைவரை அழுதாள். நாம் திருப்பிய பக்கத்தில் அவளுக்கு வேண்டிய ஆறுதல் இருந்தது. அந்த நாணத்தைத்தான் நம் மக்களுக்கும் மக்களின் மக்களுக்கும் சீதனமாகக் கொடுத்திருக்கிறோம் போலும்.

நாணம் நற்குணமே. ஆனால் அது யாரைக் காப்பதற்கு? பிறரைப் புண்படுத்தாமல் நம்மை அடக்கிக்கொள்வதற்கு உரியது நாணம். துன்புறும் உயிரைப் பாராமல் முகம் திருப்பிக்கொள்ள அதைத் திரையாக்கினால், அது நாணமன்று, நம் வசதி. கண்ணில் விழுந்த தூசியும் ஆண்குறியைச் சுற்றிய மயிரும் அந்த உயிருக்கு ஒரே தன்மையான வேதனைதான். உயர்ந்த உறுப்பு, இழிந்த உறுப்பு என்னும் வேறுபாடு நம் மனத்தில் உள்ளதேயன்றி அதன் உடலில் இல்லை.

அடுத்து, அவள் கேட்ட வினா. வலி உண்டாக்கியதால் அது இம்சையாகுமா? நம் அறநூல்கள் இம்சையை வலியின் அளவால் அளப்பதில்லை. ஆசை, சினம், அசட்டை முதலியவற்றுக்கு வசப்பட்டு உயிரை ஊறு செய்வதே இம்சை என்கின்றன. முள்ளெடுக்கும் தாயும் வலி உண்டாக்குகிறாள். முள்ளால் குத்துபவனும் வலி உண்டாக்குகிறான். இருவரையும் ஒரு தட்டில் வைப்பார் உண்டோ? அவ்வாறு நோக்கின், மருத்துவர் மேசைமேல் அதைப் பிடித்திருந்த கணம் இம்சையன்று. பார்த்தும் பாராதிருந்த அந்த ஒரு வாரமே அசட்டையின்பாற்படும். இதைச் சொல்ல நமக்கும் கடினமாகவே இருந்தது.

"அது அதன் வினைப்பயன், நாம் தலையிடலாகாது" என்பாரும் உளர். மலைப்பாறையில் தன் விருப்பப்படி வாழும் உயிரைக் குறித்து அவ்வாறு கூறினால் ஓரளவு பொருந்தும். கூண்டின் தாழ்ப்பாள் நம் கையில் இருக்கும்போது அது பொருந்தாது. அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் கட்டுதல் முதலாவது. அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் ஆகியவை ஏனைய நான்கு. கூண்டில் வைத்தபோதே முதல் அதிசாரம் நம்மைப் பற்றிவிட்டது. திறந்துவிட்டால் தீருமோ எனின், தீராது. தலைமுறை தலைமுறையாய்க் கூண்டில் பிறந்த அவ்வுயிர் கலிபோர்னிய வெயிலில் பிழைக்காது. 27 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமே அதற்குக் கேடு. ஆகவே விடுவிக்க இயலாத அடைப்புக்கு ஈடாக ஆயுள் முழுதும் பேணும் கடன் நம்மேல் ஏறுகிறது. அவ்வாயுளோ பத்து முதல் இருபது ஆண்டு.

காயடித்தல் தகுமா என்றும் பேத்தி கேட்டாள். உறுப்பறுத்தல் அதிசாரமாயிற்றே என்னும் அச்சம் அவளுக்கு. விதையில் கட்டியோ ஆறாப் புண்ணோ கண்டு உயிர்காக்க அறுப்பது மருத்துவம். நம் வசதிக்காக மட்டும் அறுப்பது வேறு. ஆணையும் பெண்ணையும் தனித்தனியே வைத்தால் குட்டிகள் பெருகா. அதற்குக் கத்தி தேவையில்லை. இணைபிரியாது பழகிய ஆணையும் பெண்ணையும் பிரிப்பது இரண்டுக்கும் பெருந்துயராயின், எது குறைந்த துன்பம் என்று மருத்துவரோடு ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும். எல்லா இல்லத்துக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்கு இல்லை. ஆனால் ஒன்று உறுதி. அடைபட்டு வாழ மேலும் உயிர்களைப் பிறப்பிப்பதும், விலை கொடுத்து வாங்கி அவ்வாணிகத்தை வளர்ப்பதும் நமக்கு ஆகா.

இவற்றையெல்லாம் சென்ற வாரம் பேத்தியிடம் கூறினோம். சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "வீக்கம் வடிந்துவிட்டது பாட்டி, நேற்று முதல் உலர்புல் தின்கிறது. இனி வாரந்தோறும் நானே பார்த்துவிடுகிறேன்" என்றாள். சொல்லும்போது குரலில் தயக்கம் இல்லை.

நாம் அன்று வகுப்பறையில் திருப்பிய பக்கத்தை அவள் தானே திறந்துகொண்டாள். நம் இல்லங்களில் ஆடு, மாடு, நாய், பூனை எதுவாயினும், கட்டி வைத்த உயிர் ஒன்று இருக்குமாயின், இன்று ஒருமுறை அருகமர்ந்து அதன் உடல் முழுவதையும் பார்ப்போமாக. வாய் திறந்து சொல்ல இயலாத உயிரின் துன்பத்தை, பார்க்கும் கண்ணன்றி வேறு யார் அறிவார்?