விண்ணப்பமும் விசுவாசமும்

நோயும் பிரிவும் இறப்பும் இன்னார் இனியார் என்று பார்த்து வருவதில்லை. ஆதலால்தான் வள்ளுவப் பெருந்தகை ‘இடுக்கண் அழியாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். நீற்றறையில் இடப்பட்ட நிலையிலும் அப்பரடிகள் கலங்காது பாடினார் என்கிறது சைவ மரபு. துன்பத்தின் நடுவே நிமிர்ந்து நிற்கும் உள்ளத்தைத் தமிழுலகம் நன்கறியும். அத்தகைய உள்ளத்தைக் கிறித்தவ மரபு எங்ஙனம் காண்கிறது? அவ்வுறுதி உடையவனுக்கு மட்டுமன்றி அயலானுக்கும் எவ்வாறு துணையாகிறது? ஈண்டு அவற்றைச் சிறிது சிந்திப்போம்.

விண்ணப்பம் என்னும் சொல் அலுவலகத்திலும் ஆலயத்திலும் ஒருங்கே வழங்குகிறது. என் போன்ற எழுத்தர்களின் மேசைக்கு நாள்தோறும் விண்ணப்பங்கள் வருகின்றன. ஒருவர் விடுப்பு வேண்டுவார். ஒருவர் ஊர் மாற்றம் வேண்டுவார். மற்றொருவர் மகள் திருமணத்திற்கு முன்பணம் வேண்டுவார். ஆணை பிறந்தால் விண்ணப்பம் வென்றது, மறுக்கப்பட்டால் தோற்றது. கேட்பவருக்கும் ஆணையிடுபவருக்கும் இடையே அதற்குமேல் உறவில்லை. செபத்தையும் இவ்வாறே கருதுவோர் பலர். கேட்டது கிடைத்தால் இறைவன் செவிசாய்த்தான் என்பர். கிடைக்காவிடில் கேட்டவரின் விசுவாசம் போதவில்லை என்பர்.

இது வெறும் கருத்துப் பிழை மட்டுமன்று. பிறர் நெஞ்சைப் புண்படுத்தும் கொடுமையுமாகும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், ‘நீ உறுதியாக வேண்டியிருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும்’ என்று சொல்வதைவிடக் கொடிய சொல் வேறு உண்டோ? திருமறையில் யோபுவின் நண்பர்கள் அவர் துயரைக் கண்டு ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறவாது உடன் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நண்பர்களாகவே இருந்தனர். துன்பத்திற்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கிய பின்னரே அவர்கள் அவருக்குச் சுமையாயினர்.

கேட்டது கிடைப்பதே விசுவாசத்தின் அளவுகோல் என்றால், கெத்செமனே தோட்டத்தை என்னென்பது? சிலுவைப்பாடுகளுக்கு முந்திய இரவில், துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு நீங்குமாறு இயேசு பெருமான் வேண்டினார். அது நீங்கவில்லை. தம் உடலில் தைத்த முள் அகலவேண்டும் என்று பவுலடியார் மும்முறை மன்றாடினார். முள் அகலவில்லை, அதனைத் தாங்கும் அருளே அவருக்குக் கிடைத்தது. இவ்விருவரிடத்தும் விசுவாசக் குறை இருந்தது என்று சொல்லத் துணிவார் யார்?

ஆகவே நம்பிக்கை இருவகைப்படும் எனலாம். கேட்ட பொருள் கிடைக்கும் என்பது ஒன்று. கேட்கப்படுபவர் நம்மைக் கைவிடார் என்பது மற்றொன்று. முன்னையது பொருளைப் பற்றியது. பொருள் வராதபோது அதுவும் மறைந்துவிடும். பின்னையது உறவைப் பற்றியது. தந்தையின் கையைப் பற்றி நடக்கும் குழந்தை வழியை அறியாது, கையை அறியும். கெத்செமனேயில் இயேசு பெருமான், தம் விருப்பமன்று, தந்தையின் விருப்பமே நிறைவேறட்டும் என்று முடித்தது இவ்வகை நம்பிக்கையால்தான். அது தளர்ச்சியில் பிறந்த சொல்லன்று. உறுதியின் உச்சியில் நின்று சொன்ன சொல்.

இவ்வுறுதி பிறருக்குப் பயன்படும் வகையைப் பிலிப்பி நகரச் சிறை காட்டுகிறது. பவுலும் சீலாவும் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, உட்சிறையில் கிடந்தனர். நள்ளிரவில் அவர்கள் செபித்துப் பாடினர். மற்றக் கைதிகள் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தனர் என்று திருமறை கூறுகிறது. நிலம் அதிர்ந்ததும் கதவுகள் திறந்ததும் அதற்குப் பின்னர் நிகழ்ந்தவை. கதவு திறக்குமுன்பே, விலங்கு கழலுமுன்பே, அப்பாட்டு இருட்டில் கிடந்தவர்களின் செவியை எட்டிவிட்டது! கைதிகள் தப்பினர் என்றெண்ணித் தன்னை மாய்த்துக்கொள்ள வாளை உருவிய காவலனை, ‘நாங்கள் அனைவரும் இங்கேயே இருக்கிறோம்’ என்னும் பொருள்படக் கூவித் தடுத்தார் பவுல். தம் விடுதலையைவிடக் காவலனின் உயிரைப் பெரிதென எண்ண வைத்த அந்த உள்ளமே செபத்தின் உண்மையான பயன்.

சிறையில் பிறந்த சொல் கடல்கடந்து வந்ததும் உண்டு. ஆங்கில நாட்டின் பெட்ஃபோர்டுச் சிறையில் தம் சமய உறுதிக்காகப் பல ஆண்டுகள் அடைபட்டிருந்தவர் ஜான் பனியன். அவருடைய ‘மோட்சப் பயணம்’ 1678-இல் வெளிவந்தது. அதனைத் தழுவியே நெல்லைச் சீமையின் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) ‘இரட்சணிய யாத்திரிகம்’ இயற்றி 1894-இல் வெளியிட்டார். வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, பின் கிறித்தவம் தழுவியவர் அவர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கைதியைத் தாங்கிய விசுவாசம், கிறித்தவக் கம்பரின் நாவில் தமிழ்ச் செய்யுளாயிற்று.

நம் காலத்துக்கு நெருங்கிய சான்று வேலூரில் உள்ளது. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த மோட்டார் விபத்தில் தண்டுவடம் தாக்குண்டு, இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். கால்கள் மீளவில்லை. எனினும் கைகள் இருந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை மருத்துவத்தை அவர் செய்தார். பின்னர் அயல்நாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, இயக்கமிழந்தோர் தம் வாழ்வைத் தாமே நடத்தப் பயிற்றும் நிலையம் 1966-இல் வேலூரில் உருவாக வழிவகுத்தார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் வரலாற்றைக் கூறும் ஆங்கில நூலின் பெயர், ‘என் கைகளை எடுத்துக்கொள்ளும்’ என்று பொருள்படும். எத்துணை ஆழமான விண்ணப்பம்! இழந்ததைத் தா என்று மட்டும் கேட்கும் நெஞ்சம், இருப்பதை எடுத்துக்கொள் என்று சொல்லும் நிலைக்கு உயர்கிறது. ‘நீங்களும் முயலுங்கள்’ என்று ஆயிரம் பேர் ஆயிரம் முறை சொன்னாலும், நடக்க இயலாத நோயாளிக்கு அச்சொல் புறத்திலிருந்து வருவதே. சக்கர நாற்காலியில் வந்து அருகே நின்ற மருத்துவரோ, ஒன்றும் சொல்லாமலே அதனைச் சொல்லிவிட்டார். செபம் மருந்தை விலக்குவதன்று. மருந்தைக் கையாளும் கைக்கு உரம் ஊட்டுவது என்பதற்கும் அவர் வாழ்வே சான்று.

ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் நம் போன்ற குடும்பங்களுக்கு இச்சிந்தனை மிகவும் வேண்டுவது. ஊரிலிருந்து நள்ளிரவில் துயரச் செய்தி வரும். மறுநாள் வண்டியில் இடம் கிடைக்குமோ என்று உள்ளம் பதறும். அழுவதற்கும் உற்றார் அருகே இரார். அவ்வேளையில் கதவைத் தட்டும் அண்டை வீட்டார் எச்சமயத்தவராயினும் ஆகுக. அவர் நமக்கு விளக்கம் கூற வேண்டுவதில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று வாக்களிக்கவும் வேண்டுவதில்லை. தாம் துயருற்ற நாளில் தம்மைத் தாங்கிய கை இன்னும் தளரவில்லை என்னும் அமைதியோடு உடன் அமர்ந்தால் போதும். கேட்டதெல்லாம் பெற்றவனின் உறுதி அவனோடு நின்றுவிடும். கேட்டது கிட்டாத போதும் தொழுகையை விடாதவனின் உறுதியோ, அருகில் இருப்பவரும் பற்றிக்கொள்ளும் ஊன்றுகோலாகும். அத்தகைய ஊன்றுகோலாய் ஒருவருக்கொருவர் வாழ்வோமாக.