நன்றி வேறு, நாற்காலி வேறு

2017-ஆம் ஆண்டு மார்ச் 18. இங்கிலாந்து நாட்டில், வெஸ்ட் பிரோம்விச் நகரத்துக் கால்பந்து மைதானத்தின் மேலே இரண்டு விமானங்கள் பறந்தன. ஒன்றன் பின்னே பறந்த துணி, "புதிய ஒப்பந்தம் கூடாது, வெங்கர் வெளியேறுக" என்றது. மற்றொன்றன் பின்னே பறந்த துணி, "ஆர்சேனை நம்புகிறோம், அவரை மதித்திடுக" என்றது. இவற்றைப் பறக்கவிட்டோர் ஒருவருக்கொருவர் மாற்றார் அல்லர். ஒரே கழகத்தின் அன்பர்கள்! ஆர்சனல் எனும் இலண்டன் கால்பந்துக் கழகத்தின் வெற்றியைத் தம் வெற்றியென்று கொண்டாடியவர்கள், அதன் தோல்வியில் சோறு இறங்காமல் வாடியவர்கள். கீழே அன்று ஆர்சனல் மூன்றுக்கு ஒன்று எனத் தோற்றது. மேலே நடந்த போட்டியில் வென்றவர் யார் என்பது மட்டும் விளங்கவில்லை.

பந்தை உதைக்கும் விளையாட்டு, அதற்கொரு பயிற்சியாளர். அவர் இருந்தாலென்ன, போனாலென்ன என்று எண்ணுவோர் உண்டு. அந்த விமானங்கள் இழுத்துச் சென்றது துணியை மட்டுமன்று; பழமையான அறக் கேள்வி ஒன்றையும் இழுத்துச் சென்றன. நமக்கு நலம் செய்தவர், அந்த நலத்தை இனியும் செய்ய இயலாத நிலையை அடைந்தால், அவரை எங்கே வைப்பது? நெஞ்சிலா, நாற்காலியிலா? வீட்டிலே, பள்ளியிலே, ஆட்சி மன்றத்திலே, நாமே வளர்த்த அமைப்புகளிலே நாள்தோறும் எழும் கேள்வி இது. மற்ற இடங்களில் அதை மூடி மறைத்துவிடலாம். மைதானத்தில் மறைக்க இயலாது. அங்கே வாரந்தோறும் கணக்குப் பார்த்துவிடுகிறார்கள்.

முதலில் கணக்கின் ஒரு பக்கத்தைப் பார்ப்போம். ஆர்சேன் வெங்கர் 1996 அக்டோபரில் ஜப்பானிலிருந்து வந்து பொறுப்பேற்றார். இங்கிலாந்து மக்களில் பெரும்பாலோர் அவர் பெயரை அதற்குமுன் கேட்டதில்லை. வந்தவர், ஆட்டக்காரர்களின் உணவை மாற்றினார், பழக்கத்தை மாற்றினார், பயிற்சியை மாற்றினார். 1998-இல் நாட்டின் முதன்மைப் பட்டமும் எஃப்.ஏ. கோப்பையும் ஒருசேரக் கிடைத்தன. 2002-இல் மீண்டும் இரண்டும் கிடைத்தன. 2003-04 பருவத்தில் 38 ஆட்டங்கள்: 26 வெற்றி, 12 சமநிலை, ஒரு தோல்விகூட இல்லை! அந்தத் தோல்வியற்ற ஓட்டம் 49 ஆட்டங்கள் வரை நீண்டது. 2006-இல், ஏறத்தாழ 38,000 பேர் அமரும் பழைய ஹைபரி அரங்கை விட்டு, 60,000 பேர் அமரும் புதிய அரங்கிற்குக் கழகம் குடிபெயர்ந்தது. அரங்கு கட்டிய கடன் கழுத்தை நெரித்தது. சிறந்த ஆட்டக்காரர்களை விற்றுத்தான் வண்டி ஓடவேண்டும் என்ற நிலை. அந்த நிலையிலும், 1997 முதல் 2016 வரை இருபது பருவங்கள், முதல் நான்கு இடங்களுக்குக் கீழே கழகத்தை அவர் இறங்க விடவில்லை.

இனி மறுபக்கம். 2004-க்குப் பிறகு முதன்மைப் பட்டம் அவர் கைக்கு வரவேயில்லை. 2005-க்கும் 2014-க்கும் இடையே ஒரு கோப்பையும் இல்லை. 2011 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் எட்டுக்கு இரண்டு எனத் தோல்வி. 2017-இல் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்குடன் ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் ஐந்துக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று! கடன் சுமை குறைந்து, கையில் பணம் சேர்ந்த பின்னரும் பழைய ஏற்றம் திரும்பவில்லை. ஒருகாலத்தில் புதுமையாக இருந்த அவருடைய முறைகளை எல்லாக் கழகங்களும் கற்றுக்கொண்டுவிட்டன. புதுமையைக் கொண்டுவந்தவர், தாம் கொண்டுவந்த புதுமையிலேயே நின்றுவிட்டார் என்றனர் குறை கூறியோர்.

இருபுறமும் உண்மை இருந்தது. அதனால்தான் வழக்கு கடுமையாயிற்று.

"இருக்கட்டும்" என்றோர் கூறியதென்ன? "ஆர்சேன் அறிவார்" என்றனர். அதையே முழக்கமாக்கிப் பதாகையில் தீட்டினர். ஆழ்ந்து பாருங்கள், தோழர்களே! ஏன் தோற்றோம்? ஆர்சேன் அறிவார். ஏன் தற்காப்பு ஆட்டக்காரரை வாங்கவில்லை? ஆர்சேன் அறிவார். கேள்வி எது வந்தாலும் விடை ஒன்றே! இந்தக் குரலை நாம் வேறிடத்தில் கேட்டதில்லையா? ஆண்டவன் அறிவான், குரு அறிவார், பெரியோர் அறிவர், நீ கேளாதே என்று நூற்றாண்டுகளாய் நம் வாயை அடைத்த குரலின் வழித்தோன்றல் அன்றோ இது! ஒரு மனிதரின் அறிவை மதித்துத் தொடங்கியது, அந்த அறிவைச் சோதிக்கவே கூடாது என்ற இடத்தில் வந்து முடிந்தது. வெங்கர் பொருளாதாரம் படித்தவர். ஆராய்ந்து, அளந்து, வழக்கத்தைக் கேள்வி கேட்டு உயர்ந்தவர். அவரையே கேள்விக்கு அப்பாற்பட்டவராக்கியது, அவருக்குச் செய்த சிறப்பாகாது.

அப்படியாயின் "போகட்டும்" என்றோர் பகுத்தறிவாளரோ? அவர்களும் முழுமையாக அல்லர். 2014 டிசம்பரில் ஸ்டோக் நகரில் தோற்றுத் திரும்பும்போது, அறுபத்தைந்து வயது நிரம்பிய அந்த மனிதர் இரயில் ஏறுகையில், நடைமேடையில் நின்று வசைமாரி பொழிந்தனர் அவருடைய கழகத்தின் அன்பர்கள் சிலர். கோயில் கட்டியவன் வரம் கிடைக்கவில்லை என்றதும் சிலையை உடைக்கப் போவதுபோன்ற செயல் இது. தெய்வமாக்கியதும் பிழை, தெய்வம் தவறிற்று என்று தூற்றியதும் அதே பிழையின் மறுமுகம். அரங்கக் கடன் எவ்வளவு, ஆட்டக்காரர்களை விற்றது யார் முடிவு, எண்ணெய்ப் பணமும் பெருஞ்செல்வரும் புகுந்த மற்றக் கழகங்களோடு போட்டியிடுவதென்றால் என்ன பொருள் என்று ஆராயாமல், எல்லாக் குற்றத்தையும் ஒரு தலையில் ஏற்றுவது எளிது. எளிதானது என்பதாலேயே அது நேர்மையாகிவிடாது.

பொறுமையின்மை எவ்வளவு தவறக்கூடும் என்பதற்கும் அந்நாட்டிலேயே சான்றுண்டு. 1986-இல் மான்செஸ்டர் யுனைடெட்டின் பொறுப்பேற்ற அலெக்ஸ் ஃபெர்குசனை, மூன்றாண்டுகள் சாக்குச் சொன்னது போதும், போய்வருக என்று 1989 டிசம்பரில் பதாகை பிடித்து ஏசினர். கழகம் அவரை அனுப்பவில்லை. 1990-இல் எஃப்.ஏ. கோப்பை வந்தது, 2013-இல் அவராகவே ஓய்வு பெறுவதற்குள் பதின்மூன்று முதன்மைப் பட்டங்கள் வந்தன! இதைக் காட்டி, "பார்த்தீரா, காத்திருந்தால் கனி கிடைக்கும்" என்பர் சிலர். மூன்றாண்டு முயன்றவருக்குக் காலம் தருவது வேறு. இருபதாண்டுக் காலம் பெற்றவருக்கு மேலும் காலம் தருவது வேறு. விதைத்தவனிடம் பொறு என்று நிலம் கேட்கலாம். அறுத்து முடித்த வயலும் அதையே கேட்டால்?

"சரி, அனுப்பினால் அடுத்து வருபவர் சிறப்பார் என்பதற்கு உறுதி உண்டா?" என்று மடக்குவர். உறுதி இல்லை. வெங்கருக்குப் பின் வந்த உனாய் எமெரி, 2019 நவம்பரில், ஒன்றரை ஆண்டிலேயே நீக்கப்பட்டார். ஃபெர்குசனுக்குப் பின் வந்த டேவிட் மோயஸ் ஒரு பருவத்தைக்கூட முடிக்கவில்லை. ஆயினும், நாளை இருட்டாக இருக்கலாம் என்ற அச்சம், இன்று எரியாத விளக்கை மாற்றாமலிருப்பதற்குக் காரணமாகுமா? அந்த வாதத்தை ஏற்றால் உலகில் எந்தப் பதவியிலும் எவரையும் மாற்றவே இயலாது. பரம்பரை அரசுகளும் இந்த அச்சத்தைக் காட்டியே வாழ்ந்தன.

வள்ளுவர் செய்ந்நன்றியறிதலை அறத்துப்பாலில், இல்லறவியலில் வைத்தார். இன்னவருக்கு இன்ன பணி என்று ஆராய்ந்து ஒப்படைக்கும் தெரிந்துவினையாடலைப் பொருட்பாலில், அரசியலில் வைத்தார். இரண்டையும் ஓர் அதிகாரத்தில் குழைத்து வைக்கவில்லை. அந்த வைப்பு முறையிலேயே நமக்குப் பாடம் இருக்கிறது. நன்றி, மனிதருக்கு நாம் பட்ட கடன். அது சாகும்வரை தீராது, தீரவும் கூடாது. பதவியோ, செய்யவேண்டிய பணிக்கு உரியது. பதவியைக் கொடுத்து நன்றிக் கடனை அடைப்பவன், தன் கடனைப் பிறர் பணத்தால் அடைக்கிறான். ஏனெனில் அந்தப் பதவி, வரப்போகும் இளம் ஆட்டக்காரர்களுக்கும், அடுத்த தலைமுறை அன்பர்களுக்கும் சொந்தம்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. இங்கிலாந்திலேயே மிக உயர்ந்த விலைகளுள் ஒன்றைக் கொடுத்து ஆண்டுச் சீட்டு வாங்கியவர்கள் அந்த அன்பர்கள். ஆயினும் வாக்கு அவர்களிடம் இல்லை. 2011-இல் பெரும்பான்மைப் பங்குகளைப் பெற்ற அமெரிக்கச் செல்வர் ஸ்டான் குரோன்கியிடமும், இயக்குநர் குழுவிடமும் இருந்தது முடிவு. கேட்க மன்றம் இல்லாத இடத்தில் வானத்தில் துணி பறக்கும். நடைமேடையில் வசை பிறக்கும். 2017 மே மாதம் கோப்பை வென்றதும் மேலும் ஈராண்டு ஒப்பந்தம் தந்தனர். 2018-இன் தொடக்கத்தில் அரங்கிலே காலி இருக்கைகள் வரிசை வரிசையாய்த் தெரிந்தன. கூச்சலுக்குச் செவிசாய்க்காதவர்களுக்கும் அந்த மௌனம் கேட்டது. ஏப்ரல் 20-ஆம் நாள், ஒப்பந்தத்தில் ஓராண்டு மீதமிருக்க, வெங்கர் விடைபெறுவதாக அறிவிக்கப்பட்டது.

பிறகு நடந்ததுதான் சிந்தனைக்கு உரியது. மே மாதம், சொந்த அரங்கில் அவருடைய கடைசி ஆட்டம். பிரெஞ்சு மொழியில் நன்றி கூறும் சிவப்புச் சட்டைகள் அணிந்து அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. இரு கட்சியும் சேர்ந்தே கைதட்டின. 2023-இல் அரங்கின் வெளியே அவருக்குச் சிலையும் எழுந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள், 1,235 ஆட்டங்கள் பணியாற்றியவரை ஒருமனதாகப் போற்ற, அவர் போகவேண்டியிருந்தது! ஏன்? அன்பு கொண்டோர், போ என்று சொல்வது துரோகம் என எண்ணினர். போ என்றோர், அன்பைக் காட்டுவது பலவீனம் என எண்ணினர். நன்றியையும் நாற்காலியையும் முன்பே பிரித்துப் பார்க்கக் கற்றிருந்தால், அந்தக் கைதட்டல் சில ஆண்டுகள் முன்னரே கேட்டிருக்கும். அந்த வசையோ பிறந்தே இராது.

"உமக்கு என்றும் கடன்பட்டோம், இப் பணியை இனி வேறொருவரிடம் ஒப்படைப்போம்." இவ்விரு வாக்கியங்களையும் ஒரே மூச்சில், ஒரே முகத்தோடு, தலைகுனியாமல் சொல்லக்கூடிய கூட்டமே வளர்ந்த கூட்டம். அதைக் கேட்டு முகம் வாடாதவரே வளர்ந்த தலைவர். தலைவர்களுக்கு மாலை சூட்டுவதில் நாம் எவருக்கும் இளைத்தவர் அல்லோம். மாலை சூட்டும் அதே கையால் கணக்கையும் கேட்போம். கேட்ட பின்னும் மாலை வாடாதிருக்கப் பார்த்துக்கொள்வோம்.