கையெழுத்துப் போடாத கூட்டம்

ஒரு லட்சம் பேர் கூடுகிறார்கள். ஆறு நாள் பேசுகிறார்கள், பாடுகிறார்கள், ஊர்வலம் போகிறார்கள். கடைசி நாள், கூட்டத்தின் பெயரால் ஒரே ஒரு தீர்மானம்கூட நிறைவேற்றாமல் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள்.

இப்படி ஒரு மாநாட்டைக் கேள்விப்பட்டதுண்டா? நம் ஊரில் வட்டச் செயலாளர் கூட்டம் போட்டாலே பத்துத் தீர்மானம் வருமே!

2004 ஜனவரி 16 முதல் 21 வரை மும்பை கோரேகானில் நடந்த உலக சமூக மன்றத்தைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு வருஷமும் ஸ்விட்சர்லாந்தின் டாவோஸில் கம்பெனி முதலாளிகளும் நாட்டுத் தலைவர்களும் கூடி உலகப் பொருளாதாரம் பேசுகிறார்கள் இல்லையா? அதற்குப் பதிலடியாக, 2001 ஜனவரியில் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் பிறந்தது இந்த மன்றம். 'இன்னொரு உலகம் சாத்தியமே' என்பது கோஷம். விவசாய சங்கம், தொழிற்சங்கம், பெண்கள் அமைப்பு, பழங்குடிகள், அணையால் ஊரை இழந்தவர்கள் என்று எல்லோரும் வரலாம். கட்சிகளுக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் பிரதிநிதித்துவம் கிடையாது.

அதே 2001-ல் ஒரு சாசனம் எழுதிக்கொண்டார்கள். அதில்தான் அந்த விசித்திரமான விதி. மன்றத்தின் பெயரால் யாரும் எந்த நிலைப்பாட்டையும் அறிவிக்கக் கூடாது. ஓட்டெடுப்பும் கிடையாது, கைதட்டி ஏற்பதும் கிடையாது.

நான் பி.காம். படித்தவன். கம்பெனி என்பது உடம்பில்லாத ஓர் ஆள் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். அது கடன் வாங்கும், வழக்குப் போடும், அதன் சார்பில் ஒருவர் கையெழுத்தும் போடுவார். இந்த மன்றத்துக்கு யார் கையெழுத்துப் போடுவது என்று பார்த்தேன். ஒருத்தரும் இல்லை! பொறுப்பைத் தட்டிக் கழிக்கிற வேலை என்றுதான் முதலில் நினைத்தேன்.

நான் மட்டும் நினைக்கவில்லை. மும்பையில் மன்றம் நடந்தபோது சாலைக்கு எதிர்ப்பக்கமே 'மும்பை எதிர்ப்பு 2004' என்று போட்டி மாநாடு நடந்தது. அங்கிருந்தவர்கள் இதை வெறும் பேச்சுக் கச்சேரி என்றார்கள். மன்றத்துக்கு உள்ளேயே பலருக்கு இதே ஆதங்கம். 2005-ல் போர்ட்டோ அலெக்ரேயில் 19 பிரபலங்கள் 12 அம்ச அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஜோஸே சரமாகோ, எடுவார்டோ கலியானோ எல்லாம் அதில் உண்டு. தங்கள் சொந்தப் பெயரில்தான் கையெழுத்துப் போட்டார்கள். ஆனாலும் சண்டை கிளம்பிவிட்டது. 'ஒன்றரை லட்சம் பேர் வந்த இடத்தில் 19 பேர் எழுதியதை உலகம் மன்றத்தின் குரலாக அல்லவா எடுத்துக்கொள்ளும்?' என்றார்கள். அந்த 19 பேரில் பெண் ஒரே ஒருவர்தான். இதையும் கவனியுங்கள்.

மன்றத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான சிக்கோ விட்டாக்கரின் வாதம் இங்கேதான் எனக்குப் புரிந்தது. மன்றம் என்பது சொந்தக்காரர் இல்லாத ஒரு பொதுத் திடல் என்றார் அவர். திடலில் நிற்பவர்கள் பேசலாம், முடிவெடுக்கலாம், இயக்கம் தொடங்கலாம். திடல் பேசக் கூடாது. ஏன்? கடைசியில் ஓர் அறிக்கை உண்டு என்று தெரிந்துவிட்டால், முதல் நாளிலிருந்தே அத்தனை பேரும் அதில் தன் வரியை நுழைக்கத்தான் அலைவார்கள். பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க யாருக்கு நேரம் இருக்கும்?

திடல் சும்மாவும் இருந்துவிடவில்லை. 2002 நவம்பரில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் நடந்த ஐரோப்பிய சமூக மன்றத்தில் கூடியவர்கள்தான் இராக் போருக்கு எதிராக ஒரே நாளில் தெருவுக்கு வருவோம் என்று அழைப்பு விட்டார்கள். 2003 பிப்ரவரி 15 அன்று நூற்றுக்கணக்கான நகரங்களில் லட்சக்கணக்கானவர்கள் வந்தார்கள். மன்றம் கையெழுத்துப் போடவில்லை. மக்கள் போட்டார்கள்.

ஆனால், மார்ச் 20 அன்று போர் தொடங்கிவிட்டது. 'பார்த்தீர்களா, ஒரே குரல் இல்லாததால்தான்' என்கிறார்கள் ஒரு சாரார். ஒரே குரலில் அறிக்கை வந்திருந்தால் மட்டும் புஷ் படித்துப் பார்த்து மனசு மாறியிருப்பாரா என்ன?

சரி, அப்படியானால் விட்டாக்கர் சொன்னதே முழு உண்மையா? நானும் அப்படித்தான் இருந்தேன், 2007 நைரோபி செய்திகளைப் படிக்கும் வரை. ஆப்பிரிக்காவின் ஏழைகளுக்காகக் கூடிய கூட்டம். நுழைவுக் கட்டணமோ அந்த ஊர்ச் சேரி மக்களால் கொடுக்க முடியாத தொகை. சாப்பாட்டுக் கடைகளிலும் எட்டாத விலை. மக்கள் வாசலில் போராடிய பிறகுதான் கேட்டைத் திறந்துவிட்டார்கள்.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. திடலுக்குக் கருத்து கிடையாது, சரி. ஆனால் திடலுக்கு கேட் இருக்கிறதே! டிக்கெட் விலையை யாரோ ஒருவர்தானே நிர்ணயித்தார்?

நம்ம ஊர் டீக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பெஞ்சில் எல்லாக் கட்சிக்காரரும் உட்கார்ந்து பேசுவார்கள். கடைக்காரர் எதிலும் தலையிட மாட்டார். 'நமக்கு எல்லாரும் ஒண்ணுதான்' என்பார். ஆனால் அவர் கடையில் சிலருக்கு மட்டும் தனி டம்ளர் வைத்திருந்தால்? வாயைத் திறக்காமலே தன் கட்சி எது என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

மும்பை அமைப்பாளர்கள் ஃபோர்டு ஃபவுண்டேஷன் பணம் வேண்டாம் என்று மறுத்தார்கள். அதுவும் ஒரு நிலைப்பாடுதான். யாரிடம் பணம் வாங்குவது, கட்டணம் எவ்வளவு, எந்த ஊரில் கூடுவது, விசா கிடைக்காதவர்களுக்கு என்ன வழி... ஒவ்வொன்றும் யாரோ எடுக்கிற முடிவு. 2016-ல் கனடாவின் மான்ட்ரியலில் நடத்தியபோது ஏழை நாடுகளிலிருந்து கிளம்பிய பலருக்கு விசா கிடைக்கவில்லை.

அதனால் என் கட்சி இதுதான். உலக விவகாரங்களுக்கு மன்றம் கையெழுத்துப் போட வேண்டாம். வராதவர்களுக்கும் சேர்த்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை. ஆனால், தன் வாசலுக்கும் தன் வரவு செலவுக்கும் அது கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். 'நாங்கள் வெறும் திடல்தான்' என்ற பதில் அங்கே செல்லாது.

மன்றம் இன்னும் பிழைத்துக் கிடக்கிறது. 2024 பிப்ரவரியில் காத்மாண்டுவில் கூடியது. திடலா, இயக்கமா என்ற பழைய சண்டையும் ஓயவில்லை. பத்திரிகைகள்தான் மறந்துவிட்டன.

நீங்களும் ஏதோ ஒரு சங்கத்தில் இருப்பீர்கள். குடியிருப்போர் சங்கமோ, பழைய மாணவர் சங்கமோ. 'நாங்க எதிலயும் தலையிடறதில்ல சார்' என்று பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்று, உள்ளே வர முடியாமல் போனவர் யார் என்று பாருங்கள். வீட்டு வேலை செய்கிற அம்மா எந்த லிஃப்டில் ஏறுகிறார் என்றும் பாருங்கள். உங்கள் சங்கத்தின் தீர்மானம் அங்கே எழுதியிருக்கும்.