அன்பும் ஓவியமும்

அன்புக்குரியவர் ஒருவரின் உருவத்தைப் பெரிய படமாக எழுதத் தொடங்குவோன் முதலில் ஒரு வினாவிற்கு விடை காணல் வேண்டும். அவன் எழுதப் புகுவது எதிரே இருப்பவரையா, அன்றித் தன் உள்ளத்தே முன்னரே தீட்டி வைத்துள்ள உருவத்தையா? இரண்டும் ஒன்றே என்பர் சிலர். வேறு வேறு என்பதே நம் கருத்து.

நாள்தோறும் காணும் முகத்தையே நாம் மிகக் குறைவாகப் பார்க்கின்றோம். பழக்கம் கண்ணுக்குத் திரையிடுகின்றது. அன்னையை நினைக்குங்கால், நம் இளமையிற் கண்ட முகமே முன்வந்து நிற்கின்றது. அதன்பின் விழுந்த சுருக்கங்களும் தளர்ந்த தோள்களும் நம் கணக்கில் ஏறுவதில்லை. அவற்றைக் காண மறுக்கும் அன்பு பாதி அன்பேயாம்.

அமெரிக்காவிற் பிறந்து இலண்டனில் வாழ்ந்த விஸ்லர் என்னும் ஓவியர், 1871-ஆம் ஆண்டில் தம் அன்னையாரைப் பெரிய படமாக எழுதத் தொடங்கினார். அன்னையாருக்கு அப்போது அகவை ஏறக்குறைய 67. நின்ற கோலத்தில் எழுதுவதே ஓவியரின் முதல் எண்ணம். அன்னையாரும் மறுப்புரையாது இரண்டு மூன்று நாள் நின்றார். முதுமையோ இடங்கொடுக்கவில்லை. மகனார் தம் எண்ணத்தைக் கைவிட்டு, அன்னையாரை நாற்காலியில் அமர்த்தி, காலடியில் ஒரு மணையும் இட்டு, ஒருபுறம் நோக்கிய கோலத்தில் எழுதி முடித்தார். 5 அடி 4 அங்குல அகலமும் 4 அடி 9 அங்குல உயரமும் கொண்ட அப்படத்தைப் பிரெஞ்சு அரசாங்கம் 1891-இல் விலைக்கு வாங்கிற்று. அன்னையார் மறைந்து அப்போது பத்தாண்டுகள் கழிந்திருந்தன.

அப்படத்திற்குச் சாம்பல் நிறமும் கறுப்பும் இயைந்த அமைப்பு என்னும் பொருள்படவே விஸ்லர் பெயரிட்டார். பெற்ற தாயை வெறும் நிறங்களாகக் கண்ட நெஞ்சில் ஈரமுண்டோ எனச் சிலர் வினவலாம். பெயரைக் கொண்டு அன்பை அளத்தல் தகாது. தாம் விரும்பிய கோலத்தினும் தாயின் களைப்பு அவருக்குப் பெரிதாயிற்று. உலகம் இன்று போற்றுவதும் அமர்ந்த அக்கோலத்தையே.

நம் நிலை என்ன? தோட்டத்து வீடாயினும் பட்டணத்து வீடாயினும், பெற்றோரின் பெரிய படம் பெரும்பாலும் அவர்கள் மறைந்த பின்னரே சுவரேறுகின்றது. பழைய சிறு புகைப்படம் ஒன்றைத் தேடியெடுத்துப் பெரிதாக்கி மாலை சூட்டுகின்றோம். நன்றியுணர்வின் அடையாளமாகிய அதனை நாம் இகழவில்லை. ஆயினும், அப்படத்தில் உள்ளவர் களைத்திருந்தால் அதனைத் தீர்க்க இனி யாராலும் இயலாது. உயிரோடிருப்பவரை எழுதத் தொடங்கினாலோ, அவரை உற்றுநோக்கியே ஆகவேண்டும். நோக்கியபின் ஏதேனும் செய்தே ஆகவேண்டும்.

தூரிகை பிடித்தறியாத நாம் என் செய்வது எனத் தோழர்கள் கேட்கலாம். பார்த்தல் எல்லார்க்கும் இயலும். பால்மரங்களிடையே பல்லாண்டு உழைத்த தாயின் கைகளை இன்று மாலை சற்றே நின்று பாருங்கள். அவர் நின்றுகொண்டிருப்பாராயின், முதலில் ஓர் இருக்கை கொடுங்கள்.