நூறு யென்

ஜப்பானின் யமகத்தா பகுதியில், கடலோரம் இருக்கிற ஊர் சகாடா. அங்கே பிறந்த புகைப்படக் கலைஞர் கென் டோமோன் (1909–1990) தன் படங்களையெல்லாம் பிறந்த ஊருக்கே கொடுத்துவிட்டார். அவற்றுக்காக யோஷியோ தானிகுச்சி வடிவமைத்த அருங்காட்சியகம் 1983-ல் திறந்தது. குளக்கரையில் அமைதியான கட்டடம். உள்ளே போனதும் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது.

நான் போனபோது என்னை நிறுத்திவைத்தது ஒரு வகுப்பறைப் படம். கியூஷு தீவின் சிக்குஹோ நிலக்கரிப் பகுதி, 1959. எண்ணெய் வந்தது, சுரங்கங்கள் மூடப்பட்டன, குடும்பங்களுக்கு வேலை போயிற்று. படத்தில் மதிய உணவு வேளை. சில பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். சாப்பாடு கொண்டுவராதவர்கள் புத்தகத்தை விரித்துவைத்துப் படிக்கிறார்கள். பசியைவிட, பசி வெளியே தெரிந்துவிடுமோ என்பதுதான் அந்த வயதில் பெரிய பயம்.

அந்தப் பிள்ளை மறைக்கப் பார்த்ததை ஊருக்கே காட்டலாமா?

ஜோடனை இல்லாத படமே படம் என்று வாதாடியவர் டோமோன். ஆனால் உண்மை என்பதாலேயே ஒன்றை எடுத்துக்கொள்ளும் உரிமை வந்துவிடாது. சரி, சம்மதம் கேட்டிருந்தால்? நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தை எத்தனையோ திரைகளில் வைத்திருக்கிறேன். யாரும் படிக்கிறதில்லை, சட்டப்படி நாங்கள் சுத்தம். பசித்த பிள்ளையின் தலையாட்டலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: இப்படி ஒரு படம் எடுத்தவன் கடன்படுகிறான். அதை அவன் எப்படி அடைக்கிறான் என்று பார்க்க வேண்டும். 1960-ல் 'சிக்குஹோவின் குழந்தைகள்' வந்தபோது டோமோன் வழவழப்பான தாளைத் தேடவில்லை. மட்டமான தாளில் அச்சிட்டு 100 யென்னுக்கு விற்றார். சேகரிப்பாளரின் அலமாரிக்குப் போகாமல், சாதாரண மனிதர் கையில் கசங்கட்டும் என்று. கடன் முழுதாக அடைந்துவிடவில்லைதான். ஆனால் கடன் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1979-ல் மூளை ரத்த உறைவில் நினைவிழந்தவர் சாகும்வரை விழிக்கவில்லை. இந்தக் கட்டடத்தை அவர் பார்க்கவே இல்லை. சட்டகம், அளவான வெளிச்சம், சுத்தமான சுவர் எல்லாம் பின்னால் வந்தவை. இங்கே அந்தப் பசி அழகாக இருக்கிறது. அதுதான் உறுத்தியது.

என் கை பாக்கெட்டில் இருந்த போனுக்குப் போயிற்று. எடுத்தால் யாருக்கு அனுப்புவேன், எத்தனை லைக் வரும் என்றுதான் முதலில் தோன்றியது. கையை வெளியே எடுத்துக்கொண்டேன்.

நுழைவுச்சீட்டுக்கு நான் கொடுத்த காசு அந்தக் கடனில் சேராது.